வடக்கே ஒரு வண்டி, தெற்கே ஒரு வண்டி

விழுப்புரம் சந்திப்பை அறியாதார் நம்மில் இலர். சென்னைக்கும் திருச்சிக்கும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் இருப்புப்பாதைகள் பிரிந்து செல்லும் இடம் அது. வணிகத்தின் பொருட்டும், பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும், திருமணங்களின் பொருட்டும் அந்த நடைமேடைகளில் இரவெல்லாம் காத்துக்கிடந்த நம் குடும்பங்கள் எத்தனையோ. அவற்றுள் ஒரு வகைக் குடும்பத்தைப் பற்றி மட்டும் நாம் எழுதுவதில்லை, பேசுவதும் இல்லை. நடுவில் ஓர் இளைஞனையோ ஒரு பெண்ணையோ நிறுத்தி, இருபுறமும் இருவர் கையைப் பற்றிக்கொண்டு, தெரிந்தவர் எவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று நடைமேடையின் கோடியில் ஒதுங்கி நின்ற குடும்பம் அது.

அக்குடும்பத்தின் முன் இரண்டு வண்டிகள் இருந்தன. வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால் எழும்பூரில் இறங்கிக் கீழ்ப்பாக்கம் போகலாம். தெற்கே செல்லும் இராமேசுவரம் வண்டியில் ஏறினால் இராமநாதபுரத்தில் இறங்கி ஏர்வாடிக்குப் போகலாம். திண்டிவனத்துக் குடும்பத்திற்கும் வழி இதுவே. பெரும்பாலோர் முதலில் தெற்கே போயினர். சில ஆண்டுகள் சென்று, கையிருப்பும் நம்பிக்கையும் குறைந்த பிறகு வடக்கே போயினர். இடையில் கழிந்த அந்தச் சில ஆண்டுகளே இக்கட்டுரையில் நம் கவலை. ஏனெனில் மனநோயைப் பொறுத்தவரையில், கழிந்த காலம் நோயின் பக்கமே சேர்கிறது.

முதலில் வடக்கு வழியின் வரலாற்றைப் பார்ப்போம். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வாலண்டைன் கானலி என்பவர் சென்னையில் பித்தர்களுக்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் லோக்காக் தோட்டம் என்னும் பரந்த நிலத்திற்கு வந்து சேர்ந்தது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், 1978-இல் மனநலக் கழகம் என்றும் பெயர் மாறிற்று. பெயர்கள் மாறினவேயன்றி மக்கள் மனத்தில் இருந்த அச்சம் மாறவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1912-ஆம் ஆண்டின் பித்தர் சட்டத்தின்கீழ், நோயாளரை உள்ளே சேர்ப்பதற்குப் பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குச் செல்வதற்கு நடுவரின் ஆணை வேண்டுமென்றால் அது சிறைச்சாலை போலத்தானே தோன்றும்? இறுதியில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே தமிழ்நாட்டில் ஒரு வசைச்சொல் ஆயிற்று. ஓர் ஊரின் பெயர் இவ்வாறு கெட்டது நம் மொழிக்கே ஓர் இழுக்கு என்று கருதுகிறோம்.

ஆயினும் அந்த மதில்களுக்குள் மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தன. 1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பித்து நோயைத் தணிக்கக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் அது இந்திய மருத்துவமனைகளுக்கும் வந்தது. 1961-இல் டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். உள்ளே பூட்டி வைப்பதைவிட வீட்டோடும் வேலையோடும் நோயாளரைத் திரும்ப இணைப்பதே சிகிச்சை என்ற கருத்தில் உறுதியாக நின்றவர் அவர். ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு நோயாளருக்கென ‘ஸ்கார்ஃப்’ என்னும் அமைப்பைச் சென்னையில் நிறுவியவரும் அவரே.

இனி, தெற்கு வழி. ஏர்வாடியில் அடங்கியிருக்கும் பாதுஷா சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்கள், மதீனாவிலிருந்து பாண்டிய நாட்டிற்கு வந்தவர்கள் என்று போற்றப்படுபவர்கள். அங்கு ஷிஃபா நாடி வருவோர் நம் சமுதாயத்தார் மட்டும் அல்லர். எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். கனவில் கட்டளை கிடைக்கும் வரை தங்கியிருப்பது வழக்கம் ஆயிற்று. தங்குவோர் பெருகவே தனியார் விடுதிகள் பெருகின. நோயாளரை விடுதிக்காரரிடம் ஒப்படைத்து, மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. ஓடிவிடாதிருக்கச் சங்கிலி.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் மொய்தீன் பாதுஷா மனநோயாளர் விடுதி என்னும் அத்தகைய ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோரில் மிகப் பெரும்பாலோர் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தனர். 25 பேர் அங்கேயே மாண்டனர். பின்னர் மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்தால் 28 பேர். செய்தியைக் கண்ட உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சில நாள்களுக்குள் ஏர்வாடியின் விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். அந்த விடுதி தர்காவினுடையதன்று, தனியாருடையது என்பது உண்மை. ஆனால் அந்தச் சங்கிலிக்குப் பணம் கொடுத்தவர்கள் தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் என்பதும் உண்மையே. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். தம் பிள்ளைக்கு வந்திருப்பது நோய் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் சொன்ன இடத்தில் அவர்கள் இல்லை.

இந்தச் சங்கிலி நம் மரபா என்ற வினா அன்று பலர் உள்ளத்தில் எழுந்தது. விடை தேடச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும்.

மிஸ்ரில் அஹ்மத் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. அமீர் வாரந்தோறும் நேரில் வந்து நோயாளரைக் காண்பார். ஒருநாள் மனநோயாளர் ஒருவர் மாதுளம்பழம் ஒன்று வேண்டுமென்றார். பழம் வந்தது. அதனை அவர் அமீரின் மீதே வீசி எறிந்தார். அதன்பின் அமீர் அங்கு வருவதை நிறுத்திவிட்டாராம். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ கூறும் செய்தி இது. ஆள்வோரின் பரிவு ஒரு மாதுளம்பழத்தோடு முடிந்துவிடக்கூடியது என்பதை நாம் கவனிக்கிறோம். ஆனால் மருத்துவமனை தொடர்ந்து நடந்தது என்பதையும் கவனிக்கிறோம். வக்ஃபு சொத்தின் வருவாய் அதற்கு இருந்தது.

1154-இல் திமிஷ்கில் நூருத்தீன் கட்டிய பீமாரிஸ்தான், 1284-இல் கெய்ரோவில் கலாவூன் கட்டிய பெரும் மருத்துவமனை, 1354-இல் அலெப்போவில் நீரூற்றுகள் சூழ அமைந்த அர்கூன் பீமாரிஸ்தான், 1488-இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீது முடித்த மருத்துவமனை என்று இந்த வரிசை நீளும். எதிர்னேயில் நோயாளருக்கு இசை கேட்பித்ததையும் மலர்களின் மணத்தை நுகரச் செய்ததையும் பயணி எவ்லியா செலபி எழுதிவைத்தார். மஸ்ஜிதும் மதரஸாவும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது. துஆ ஓதுமிடம் ஓர் ஊரிலும் மருந்து கிடைக்குமிடம் வேறோர் ஊரிலுமாக அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் ஆகாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த நகரங்களைக் கண்ட இப்னு ஜுபைர், மனநோயாளருக்கு அங்கே சிகிச்சை உண்டு என்பதோடு, அவர்கள் பிணிக்கப்பட்டிருந்ததையும் குறிக்கிறார். சங்கிலி அங்கும் இருந்தது. ஆனால் பக்கத்தில் மருத்துவரும் இருந்தார். நம் காலத்தில் மருத்துவர் போய்ச் சங்கிலி மட்டும் எஞ்சியது.

இவர்களுள் பெரும்பாலோருக்கு முன்பே இதனை நுட்பமாக ஆராய்ந்தவர் பல்கு நாட்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ. 934-இல் மறைந்த அவர், உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் இணைத்து ஒரே நூலாக எழுதினார். மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்களே என்பது அவருடைய குறை. துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பிரிவு, இழப்பு முதலிய காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் ஏதும் புலப்படாமல் வந்து கவியும் துயரம் மற்றொன்று. பின்னதில் உடலுக்கும் பங்குண்டு என்று கண்டு, உடலுக்கும் மருந்து செய்யச் சொன்னார். வீட்டில் அவசரத்திற்கு மருந்து எடுத்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மனத்தைப் பேச்சாலும் பயிற்சியாலும் நேராக்கும் இக்கால முறைக்கு இது வெகு தொலைவில் இல்லை.

வஸ்வாஸைப் பற்றியும் பல்கீ தனியே எழுதினார். இதனை நம் வீடுகளில் அறியாதார் யார்? உளூச் செய்துவிட்டு, முழங்கை நனைந்ததோ என்று ஐயுற்று மீண்டும் செய்வார், மீண்டும் ஐயம். தொழுகையில் தக்பீர் கட்டிவிட்டு நிய்யத் சரியாக இருந்ததோ என்று கலைத்துக் கட்டுவார். ஜமாஅத் முடிந்துவிடும், இவர் இன்னும் ஹவுளில் இருப்பார். இதனை இறையச்சத்தின் மிகுதி என்று எண்ணிச் சுற்றத்தார் வியப்பதும் உண்டு. ஆனால் இதற்கு ஆட்பட்டவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் படுவது பக்தியின் இன்பமன்று, வதை. மார்க்க அறிஞர்கள் இதனை அன்றே கண்டித்தனர். 1223-இல் மறைந்த இப்னு குதாமா இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். இன்றைய மருத்துவம் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்கிறது. மாத்திரை உண்டு, ஐயம் எழுந்தாலும் மீண்டும் கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சியும் உண்டு. இரண்டும் பலனளிப்பவை.

மற்ற நோய்களையும் அவற்றின் முகத்தை வைத்து அறிந்துகொள்ளலாம். மனச்சோர்வு நோய் எப்போதும் அழுகையாக வருவதில்லை. நம் பெண்மக்களிடம் அது தலைவலியாகவும், உடல் முழுதும் வலியாகவும், ‘ஒன்றும் பிடிக்கவில்லை’ என்ற சொல்லாகவும் வரும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து உறக்கம் போய்விடும். உணவில் சுவை இராது. நெஞ்சிலே குற்ற உணர்ச்சி கனக்கும். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் தொடருமானால் அது சோம்பலன்று, ஈமான் குறைவுமன்று, நோய். கணவரை இழந்து இத்தாவில் இருப்பவரின் அழுகையை நோய் என்று சொல்லிவிடலாகாது. அது அன்பின் கணக்கு. ஆனால் மாதங்கள் சென்றும் எழ முடியாமல், உயிர் வாழ்வதே வேண்டா என்று பேசத் தொடங்கினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய் குழந்தையைத் திரும்பிப் பாராமல் இருப்பதும், இரவெல்லாம் உறங்காமல் பிதற்றுவதும் தாமதிக்கக் கூடாத நிலைகள்.

பதற்ற நோய் நெஞ்சில் வரும். திடீரெனப் படபடப்பு, மூச்சுத் திணறல், இதோ உயிர் போகிறது என்ற அச்சம். இதயத்தை முதலில் சோதிப்பது முறைதான். அதில் குறையில்லை என்று தெரிந்த பின்னும் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்துக்கொண்டே இருப்பது பணத்திற்குக் கேடு. மனச்சிதைவு பெரும்பாலும் இளமையில் தொடங்கும். கல்லூரி செல்லும் பையன் அறைக்குள் அடைந்துகொள்வான். வீட்டார் உணவில் நஞ்சு வைத்திருப்பதாக ஐயுறுவான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொல்வான். இருமுனை நோயிலோ இதற்கு மாறாக, உறக்கமே இல்லாமல் உற்சாகம் கரைபுரளும். கடனுக்குப் பொருள் வாங்கிக் குவிப்பார். பெரிய வணிகத் திட்டங்கள் சொல்வார். தமக்கு இறைவனிடமிருந்து தனிச் செய்தி வருவதாகவும் கூறுவார். சில மாதங்களில் அதே மனிதர் சோர்ந்து சுருண்டு கிடப்பார். காக்காய் வலிப்பு மனநோயே அன்று. மூளையின் மின்னோட்டத்தில் நேரும் கோளாறு. அதற்கும் நம் வீடுகளில் ஜின் மீது பழி விழுகிறது.

ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் இன்ன குறி ஜின்னுடையது என்று விலை பேசுபவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தைப் படைத்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததில் மனநோய்க்கு விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அறிவு பேதலித்தவர் தெளியும் வரை அவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பதும் நாயகவாக்கு. தம் பொருளை ஆளத் தெரியாதாருக்கு உணவும் உடையும் அளித்து இனிய சொல் கூறுமாறு சூரத்துன் னிஸா பணிக்கிறது. அடிக்கச் சொல்லவில்லை, புகை போடச் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் நாம் அறிந்த ஒரு தாய், உறக்கமின்றிப் பிதற்றிய தம் மகனை ஓர் ஆலிமிடம் கொண்டு சென்றார். “ஹஜ்ரத், பிள்ளைக்கு ஓதிப் பாருங்க” என்றார். பெரியவர் ஓதினார். ஓதி முடித்து, “அம்மா, நான் ஓதிட்டேன். தம்பியை நாளைக்குக் காலையிலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அங்கே போனாத்தான் என் துஆவுக்கும் மரியாதை” என்றார். அந்தப் பிள்ளை இன்று கடை நடத்துகிறார். நூறு சொற்பொழிவுகளைவிட அந்த ஆலிமின் ஒரு சொல் பயன் தந்தது.

மருந்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அது அயல்நாட்டார் தந்தது என்று ஒதுக்குவோர்க்கு ஒரு செய்தி. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரைப் பித்துக்கு மருந்தாக இந்நாட்டார் நெடுங்காலம் வழங்கி வந்தனர். டில்லியில் திப்பிய்யாக் கல்லூரியைக் கண்ட ஹகீம் அஜ்மல் கான் அதனை வேதியியல் முறையில் ஆராய வேண்டுமென்று விரும்பினார். 1931-இல் சலீமுஸ்ஸமான் சித்தீகீ அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர், அந்த வேர் பித்துக்கும் இரத்த அழுத்தத்திற்கும் பயன்படுவதை எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. பின்னர் வந்த மருந்துகள் அதனினும் நல்லனவாக அமைந்தமையால் இன்று மனநோய்க்கு அது வழக்கில் இல்லை. ஆயினும் மனநோய்க்கு மாத்திரை உண்டு என்ற காலத்தின் வாயிலில் நம் ஹகீம் ஒருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையென்று நிறுத்திவிடுவோர் பலர். நலம் தெரிந்ததும் நிறுத்திவிடுவோர் அதனினும் பலர். நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடர வேண்டும். பின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இவை போதைப் பழக்கம் ஆகிவிடும் என்ற அச்சம் வேண்டா. உறக்க மாத்திரைகளே அவ்வாறு பழக்கமாகக் கூடியவை. அவற்றையோ நாம் கடையில் கேட்டு வாங்கத் தயங்குவதில்லை! மனச்சிதைவுக்கும் இருமுனை நோய்க்கும் நீண்ட காலம் மருந்து தேவைப்படும். சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுதும் உட்கொள்பவரை நாம் இழிவாகப் பேசுவதில்லையே.

ரமளான் மாதத்தில் நோய் திரும்பி வருவதை மருத்துவர்கள் காண்கின்றனர். நோன்புக்காக மாத்திரையை நிறுத்தியதும் உறக்க நேரம் குலைந்ததும் காரணங்கள். பல மாத்திரைகளை ஸஹரிலும் இஃப்தாரிலும் பிரித்து உட்கொள்ள முடியும். அதனை மருத்துவரே மாற்றித் தர வேண்டும். இருமுனை நோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் தனியே எச்சரிக்கை கொள்ள வேண்டும். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறித் தீங்கு செய்யும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் இறைவன்.

மறைத்து நடக்கும் திருமணங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நிக்காஹ் நடந்தால் சரியாகிவிடும் என்றெண்ணி, மாப்பிள்ளை வீட்டார் அறியாதிருக்க வேண்டித் திருமணத்திற்குச் சில வாரம் முன்பே மாத்திரையை நிறுத்துகின்றனர். வலீமா விருந்தின் மணம் மாறுமுன் நோய் திரும்புகிறது. இரண்டு குடும்பங்கள் பகையாகின்றன. பழி நோயுற்றவர் தலையில் விழுகிறது.

நாடு முழுதும் 2015-16-இல் நடந்த மனநல ஆய்வில், வயது வந்தோர் 100 பேரில் 10 அல்லது 11 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது தெரிந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருந்தனர். ஆனால் இன்று சிகிச்சைக்காக எழும்பூர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டிய தேவை விழுப்புரத்தாருக்கு இல்லை. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் மாவட்டங்களுக்கு விரிந்தது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, கரும்பு வண்டிகள் செல்லும் முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இரண்டு ஊரிலிருந்தும் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாதென விலக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல் பெரும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கொள்ளச் சொன்னது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நோயுற்றவரிடம் நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டதும் பாரம் குறைந்து அழுதுவிடுவோரே மிகுதி. பூச்சிமருந்தை வீட்டில் வைத்திருக்கும் உழவர் குடும்பங்கள் அதனைப் பூட்டி வைக்க வேண்டும். இரவு எந்நேரமும் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இவ்வளவும் இருந்தும் 2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்தின் பெயர் ஏடுகளில் வந்தது வேறொரு காரணத்தால். குண்டலப்புலியூர் ஆசிரமம் ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த முதியவரைக் காணச் சென்ற உறவினருக்கு அவர் அங்கே இல்லை என்ற விடை கிடைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்த்தபோது, உரிய அனுமதியின்றி அவ்விடம் நடந்து வந்தது தெரிந்தது. மனநோயாளரும் ஆதரவற்றோருமாக 140-க்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். கொடுமைகள் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. மீட்கப்பட்டோரில் பலர் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லப்பட்ட இடம் அதே முண்டியம்பாக்கம் மருத்துவமனை. அத்தனை அருகில்தான் அது இருந்தது.

அங்கு முதன்முறை செல்வோர் பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும், மந்திரித்தவர் கொடுத்த சூரணம் ஏதும் இருப்பின் அதனையும் உடன் எடுத்துச் செல்க. நோயாளருடன் நாள்தோறும் வாழ்பவரே துணைக்குச் செல்க. ஊரிலிருந்து வந்த மாமா அன்று. உறக்கம் எந்த மாதத்தில் குறைந்தது, படிப்போ தொழிலோ எப்போது நின்றது, குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இவ்வாறு இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்க. மருத்துவர் முதலில் கேட்பது, இது எப்போது தொடங்கிற்று என்பதுதான். நம்மவர் அதற்கு விடையாக இன்றும் ஆண்டுகளையே எண்ணிச் சொல்கின்றனர்.